ஐ.டி. துறைக்குள் நுழைய எந்தக் கதவைத் தட்டுவது? வடசென்னை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழின் கேள்வி–பதில் பகுதியை வடசென்னை வாசகர்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ராயபுரம், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர், எண்ணூர் எனப் பல இடங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைத்தான் சொல்கின்றன: படிப்பு முடிந்துவிட்டது, ஐ.டி. வேலைக்குப் போக விருப்பம் இருக்கிறது, ஆனால் யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. வீட்டிலோ தெருவிலோ அந்தத் துறையில் இருப்பவர் ஒருவர் இருந்தால் தேநீர் குடிக்கும் நேரத்தில் தெரிந்துகொள்ளக்கூடிய செய்திகளுக்காக, அப்படி யாரும் இல்லாத குடும்பங்கள் கடன் வாங்கிப் பணம் கட்டிக்கொண்டிருப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. எனவே இந்த முறை வழக்கத்தைவிட விரிவாகவே எழுதுகிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம், பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: ஐயா, நான் வியாசர்பாடியில் வசிக்கிறேன். அரசு கலைக் கல்லூரியில் பி.காம். முடித்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது உணவு டெலிவரி வேலை செய்கிறேன். ஒரு பயிற்சி நிறுவனத்தில் ‘ஃபுல் ஸ்டாக்’ (ஒரு மென்பொருளின் திரைப் பகுதி முதல் தரவுத்தளம் வரை எழுதக் கற்பது) படிப்புக்கு 45,000 ரூபாய் கேட்கிறார்கள்; நூறு சதவீதம் வேலை உறுதி என்கிறார்கள். அம்மா நகையை அடகு வைத்துத் தருவதாகச் சொல்கிறார். சேரலாமா?

பதில்: தம்பி, நகையை அடகு வைக்க வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். படிப்புக்குச் செலவு செய்வது தவறில்லை. எதற்குக் கட்டுகிறோம் என்று தெளிவாகத் தெரியாமல், அதுவும் கடன் வாங்கிக் கட்டுவதுதான் தவறு. ‘நூறு சதவீதம் வேலை உறுதி’ என்பது விளம்பரப் பலகையில் இருக்கும். நீங்கள் கையெழுத்துப் போடும் படிவத்திலோ பெரும்பாலும் ‘நேர்காணல் வாய்ப்புகளை ஏற்படுத்தித் தருவோம்’ என்றுதான் இருக்கும். அந்தப் படிவத்தைச் சேருவதற்கு முன்பே வாங்கிவந்து நிதானமாகப் படியுங்கள். கட்டணத்தைத் தவணையில் கட்டலாமா, இடையில் நின்றுவிட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், சென்ற முறை படித்தவர்கள் இரண்டு பேரிடம் நீங்களே பேச முடியுமா, இரண்டு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். இவற்றுக்கு நேரான பதில் வராவிட்டால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அசல் சான்றிதழ்களை எந்தக் காரணத்துக்காகவும் ஒப்படைக்காதீர்கள்.

அடுத்து, ஆள் எடுக்கும் முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கசப்பாக இருந்தாலும் இதைத் தெரிந்துகொண்டால்தான் வழி தெரியும். பெரிய சேவை நிறுவனங்கள் புதியவர்களை மொத்தமாக எடுக்கும்போது, எந்த ஆண்டு படிப்பை முடித்தவர் என்பதையே முதல் வடிகட்டியாக வைக்கின்றன. பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை 60 சதவீதம், அரியர் நிலுவை இல்லாமை ஆகியவை அடுத்த நிபந்தனைகள். மென்பொருள் எழுதும் பணிகளுக்குப் பொறியியல், பி.சி.ஏ., பி.எஸ்சி. படித்தவர்களைத்தான் பெரும்பாலும் அழைக்கிறார்கள், பி.காம். படித்தவர்களை அதே நிறுவனங்களின் கணக்கு, நிதி சார்ந்த பி.பி.ஓ. பிரிவுகளுக்கு (பிற நிறுவனங்களின் அலுவலகப் பணிகளை ஏற்றுச் செய்து தரும் பிரிவுகள்) அழைக்கிறார்கள். ஆகவே, இரண்டு ஆண்டு இடைவெளியோடு இருக்கும் பி.காம். பட்டதாரி ஒருவர், ஆறு தொழில்நுட்பங்களை மூன்றே மாதத்தில் மேலோட்டமாகக் கற்றுக்கொண்டு, நான்கு ஆண்டுகள் அதையே படித்த பொறியியல் பட்டதாரிகளோடு ஒரே வரிசையில் போய் நிற்பது, தனக்குப் பலமில்லாத இடத்தில் மோதுவதாகும்.

உங்கள் பலம் வேறிடத்தில் இருக்கிறது. பற்று வரவு, பேரேடு, ஜி.எஸ்.டி., நிலுவைப் பட்டியல் ஆகியவற்றின் பொருள் உங்களுக்குத் தெரியும். கணக்கு மென்பொருள்களையும், ஒரு நிறுவனத்தின் கணக்கு, கொள்முதல், கையிருப்பு எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் ஈ.ஆர்.பி. மென்பொருள்களையும் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும் அவற்றை வாடிக்கையாளரிடத்தில் நிறுவிக் கொடுக்கும் நிறுவனங்களுக்கும், கணக்கும் தெரிந்து, தரவுத்தளத்துக்குள் நுழைந்து பார்க்கவும் தெரிந்த ஆட்கள் தேவைப்படுகிறார்கள். எனவே டேலி, எக்செல், அவற்றோடு எஸ்.க்யூ.எல். என்ற வரிசையில் தொடங்குங்கள். எஸ்.க்யூ.எல். என்பது 1970களில் உருவான மொழி; எத்தனையோ புதுமைகள் வந்து போன பிறகும் வங்கி முதல் மருத்துவமனை வரை தரவைக் கேட்டு வாங்கும் வேலை இன்றும் அதில்தான் நடக்கிறது.

எப்படிக் கற்பது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைச் சற்று அருகிலிருந்தே காட்டுகிறேன். உங்கள் தெரு மளிகைக் கடையில் ஒரு கடன் நோட்டு இருக்கும். கடைக்காரரின் அனுமதியோடு, வாடிக்கையாளர்களின் பெயர்களை மாற்றிவிட்டு, அதிலுள்ள மூன்று மாதக் கணக்கைக் கணினியில் ஏற்றுங்கள். ஓர் அட்டவணையில் வாடிக்கையாளர் எண்ணும் பெயரும், இன்னொன்றில் யார் எந்தத் தேதியில் எவ்வளவுக்குக் கடன் வாங்கினார் என்பதும், மூன்றாவதில் யார் எப்போது எவ்வளவு திருப்பிக் கொடுத்தார் என்பதும் இருக்கட்டும். பிறகு, ‘30 நாட்களுக்கு மேலாக 1,000 ரூபாய்க்கு மேல் பாக்கி வைத்திருப்பவர் யார் யார்?’ என்று அந்தத் தரவிடம் கேளுங்கள். பாடத்தில் முதலில் சொல்லித்தரும் ‘இன்னர் ஜாயின்’ முறையில் அட்டவணைகளை இணைத்தால், இதுவரை ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தராதவர்கள் பட்டியலிலேயே வர மாட்டார்கள். ஏனென்றால் வரவு அட்டவணையில் அவர்கள் பெயரில் ஒரு வரிகூட இல்லை. நாம் தேடுவதோ அவர்களைத்தான். அந்த இடத்தில், ஒரு அட்டவணையில் உள்ள எல்லோரையும் விடாமல் காட்டும் ‘லெஃப்ட் ஜாயின்’ ஏன் தேவை என்பது உங்களுக்குத் தானாகவே விளங்கும். வரவு எதுவும் இல்லாத இடத்தில் வரும் வெற்று மதிப்பைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும்படி எழுதாவிட்டால் கழித்தல் கணக்கும் தவறிப்போகும் என்பது அடுத்துப் புரியும். நேர்காணலில் இந்த ஒரு கணக்கை நோட்டிலிருந்து விடை வரை விளக்கத் தெரிந்தவரை, இருபது பக்கப் பாடத்தை மனப்பாடம் செய்தவரைவிட மேலானவராகவே எந்த மேலாளரும் மதிப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதைக் கற்கப் பெரிய செலவில்லை. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகிய தரவுத்தள மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகக் கேட்கலாம். சான்றிதழ்த் தேர்வு எழுத விரும்பினால் மட்டும் கட்டணம். தமிழிலேயே தொடங்க நினைத்தால் கணியம் அறக்கட்டளை வெளியிட்டிருக்கும் கட்டுரைகளும் மின்னூல்களும் இருக்கின்றன. செல்பேசியில் காணொளி பார்க்கலாம், ஆனால் பயிற்சி செய்ய முடியாது. ஒரு கணினி கட்டாயம் வேண்டும். வீட்டில் பழைய அரசு மடிக்கணினி இருந்தால், அதன் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான சேமிப்பகமான ஓர் எஸ்.எஸ்.டி. போட்டு, லுபுண்டு போன்ற எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை ஏற்றுங்கள், எஸ்.க்யூ.எல். பழக அது போதும். வீட்டில் இடமும் அமைதியும் இல்லையென்றால், 2024 நவம்பரில் கொளத்தூரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகத்தில் படிப்பதற்கென்றே இடம் இருக்கிறது; போய்ப் பாருங்கள்.

டெலிவரி வேலையை உடனே விட்டுவிடாதீர்கள். வருமானம் நின்றுபோன வீட்டில் பதற்றம்தான் வளரும், படிப்பு வளராது. ஒரு நாளில் எந்த இரண்டு மணி நேரத்தில் ஆர்டர் குறைவு என்பது உங்களுக்கே தெரியும். அந்த நேரத்தைப் படிப்புக்கென்று ஒதுக்குங்கள். இன்னொன்று: ஐ.டி. என்றவுடன் எல்லோரும் ஓ.எம்.ஆர். எனும் பழைய மகாபலிபுரம் சாலையையே நினைக்கிறார்கள். வியாசர்பாடி ஜீவா நிலையத்தில் ரயில் ஏறினால் அம்பத்தூர் தொழிற்பேட்டை உங்களுக்கு அதைவிடப் பக்கம். பட்டரவாக்கத்திலோ அம்பத்தூரிலோ இறங்கிக்கொள்ளலாம். பெரிய நிறுவனங்களின் கிளைகள் மட்டுமல்லாமல், ஆண்டுக் கணக்கையும் சதவீதத்தையும் பெரிதாகப் பார்க்காத சிறிய மென்பொருள் நிறுவனங்களும் அங்கே இருக்கின்றன. தேடலை அங்கிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: வணக்கம் ஐயா. காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்கிறேன். என் மகள் அரசுப் பள்ளியில் கணிதப் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். கல்லூரிக்குப் போகாமலேயே ஐ.டி. கம்பெனியில் சேரலாம் என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா? சேர்க்கலாமா?

பதில்: உண்மைதான் அம்மா. அப்படிப்பட்ட வழிகள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றிலும் எது கிடைக்கிறது, எது கிடைக்காது என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

சோஹோ நிறுவனம் 2005 முதல் நடத்திவரும் ‘சோஹோ ஸ்கூல்ஸ்’ என்ற பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ முடித்த இளையோரைத் தேர்வும் நேர்காணலும் வைத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். கட்டணம் இல்லை, பயிற்சிக் காலமான இரண்டு ஆண்டுகளுக்கும் உதவித்தொகை தருகிறார்கள். போட்டி கடுமையாக இருக்கும். பட்டம் கிடைக்காது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எச்.சி.எல். நிறுவனத்தின் ‘டெக்பீ’ திட்டம், பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமோ வணிகக் கணிதமோ படித்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வேலையில் அமர்த்தி, வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிக்க ஏற்பாடு செய்கிறது. இதில் பயிற்சிக் கட்டணம் உண்டு. அது எவ்வளவு, அதற்குக் கடனும் சலுகையும் எப்படி என்பதை நிறுவனத்திடமே நேரடியாகக் கேளுங்கள். நடுவில் யாரிடமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஆனாலும் என் கருத்தைக் கேட்டால், உங்கள் மகள் பட்டப் படிப்பில் சேர்வதே நல்லது என்பேன். பதினெட்டு வயதில் கிடைக்கும் சம்பளத்தைவிட, வேலை மாறும்போதும் பதவி உயரும்போதும் கேட்கப்படும் பட்டம் அவருக்கு அதிக நாள் துணை நிற்கும். பிராட்வேயில் இருக்கும் பாரதி மகளிர் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரி ஒன்றில் கணினி அறிவியல் இடம் கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். கணினி அறிவியல் கிடைக்காமல் கணிதமோ இயற்பியலோ கிடைத்தாலும் சேரலாம், பி.எஸ்சி. முடித்தவர்களை எடுத்து, வேலையோடு எம்.டெக். படிக்கவைக்கும் திட்டத்தை விப்ரோ போன்ற நிறுவனங்கள் நடத்துகின்றன. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவர் வங்கிக் கணக்குக்கே வரும். 2022 மார்ச்சில் தொடங்கிய, தமிழக அரசின் திறன் பயிற்சித் திட்டமான நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகள் கல்லூரியிலேயே நடக்கும். அவற்றைப் பலர் வருகைப் பதிவுக்காக மட்டும் முடிக்கிறார்கள், உங்கள் மகள் அப்படிச் செய்ய வேண்டாம்.

பெண் கெட்டிக்காரி, உழைக்கத் தயார் என்றால் இன்னொரு வாய்ப்பும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் பி.எஸ். பட்டப் படிப்பை, வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே இணைய வழியில் படிக்கலாம். ஜே.இ.இ. தேவையில்லை, நான்கு வாரப் பாடங்களைக் கற்றுத் தகுதித் தேர்வில் தேறினால் போதும். பாடங்கள் ஆங்கிலத்தில் இருக்கும், தேர்வுகளை நேரில் சென்று எழுத வேண்டும். வருமானத்தையும் சமூகப் பிரிவையும் பொறுத்துக் கட்டணத்தில் 75 சதவீதம் வரை சலுகை தருகிறார்கள். முதல் ஆண்டு கல்லூரிப் படிப்பு சற்று நிலைப்பட்ட பிறகு இதில் சேர்வது நல்லது.

கேள்வி: என் வயது 31. மண்ணடியில், இறக்குமதிச் சரக்குகளுக்குச் சுங்க வேலைகளை முடித்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். சம்பளம் உயரவில்லை. ஐ.டி.க்கு மாற வயது கடந்துவிட்டதா? ஜாவா படிக்கட்டுமா, பைத்தான் படிக்கட்டுமா?

பதில்: வயது கடந்துவிடவில்லை. ஆனால் உங்கள் இரண்டாவது கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, ஒன்பது ஆண்டுகளில் நீங்கள் என்னென்ன கற்றிருக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதச் சொல்வேன். கப்பல் கம்பெனி ஐ.ஜி.எம். எனும் சரக்குப் பட்டியலைத் தாக்கல் செய்வது, சுங்கத் துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில் பில் ஆஃப் என்ட்ரி எனும் இறக்குமதி ஆவணத்தைப் போடுவது, சரக்கின் வகையைக் குறிக்கும் எட்டு இலக்க எச்.எஸ். கோடு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது, டியூட்டி கட்டுவது, சரக்கை விடுவிக்கும் அவுட் ஆஃப் சார்ஜ் அனுமதியை வாங்குவது, டெலிவரி ஆர்டரோடு போய்க் கன்டெய்னரை எடுப்பது என ராஜாஜி சாலை சுங்க இல்லத்துக்கும் துறைமுக வாயிலுக்கும் இடையில் நடக்கும் வேலை முழுவதும் உங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். சென்னைத் துறைமுகத்தையும் எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களையும் நம்பி இயங்கும் சரக்குப் போக்குவரத்து நிறுவனங்கள் எல்லாம் இப்போது மென்பொருளில்தான் ஓடுகின்றன. அந்த மென்பொருளை எழுதுகிறவர்களில் எத்தனை பேர் ஒரு பில் ஆஃப் என்ட்ரியைக் கையில் பிடித்துப் பார்த்திருப்பார்கள்?

ஒரு சிறிய இடத்தைக் காட்டுகிறேன். கன்டெய்னரைத் திருப்பித் தரத் தாமதமானால் கப்பல் கம்பெனி டிடென்ஷன் கட்டணம் கேட்கும். முதல் சில நாட்கள் இலவசம்; அதற்குப் பிறகு நாள் கணக்கில் கட்டணம், சில நாட்கள் கழித்து அதைவிடக் கூடுதல் கட்டணம். மென்பொருள் எழுதும் இளைஞர் இரண்டு தேதிகளைக் கழித்து, இலவச நாட்களை நீக்கி, மீதியைக் கட்டணத்தால் பெருக்கி முடித்துவிடுவார். உங்களுக்கோ உடனே கேள்விகள் எழும்: இலவச நாட்கள் எந்தத் தேதியிலிருந்து தொடங்குகின்றன? கன்டெய்னரை எடுத்த நாளும் திருப்பிய நாளும் கணக்கில் சேருமா? இடையில் வரும் ஞாயிற்றுக்கிழமையும் பொங்கல் விடுமுறையும் எப்படி? ஒரே பில்லில் மூன்று கன்டெய்னர்கள் வந்து, ஒன்று மட்டும் தாமதமானால்? டாலரில் கணக்கிட்டு ரூபாயில் வாங்கும்போது எந்த நாளின் மாற்று விகிதம்? இந்தக் கேள்விகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் கொடுக்க வேண்டிய உள்ளீடு இது, வர வேண்டிய விடை இது என்று குறித்தால், அதுவே டெஸ்ட் கேஸ். இதைச் செய்பவருக்கு டெஸ்டர் என்று பெயர். வாடிக்கையாளரிடம் இந்த விதிகளைக் கேட்டறிந்து மென்பொருள் எழுதுவோருக்கு எழுதிக் கொடுப்பவருக்கு பிசினஸ் அனலிஸ்ட் என்று பெயர். இரண்டு பணிகளுக்கும் நீங்கள் ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்டீர்கள்.

மீதிப் பாதிக்கு என்ன செய்ய வேண்டும்? டெஸ்டிங்கின் அடிப்படைகளைப் படியுங்கள், டெஸ்டர்களுக்குச் சான்றிதழ் தரும் ஐ.எஸ்.டி.க்யூ.பி. அமைப்பின் ஃபவுண்டேஷன் பாடத்திட்டத்தை இலவசமாகவே பதிவிறக்கிக்கொள்ளலாம். குறைபாட்டை அறிக்கையாக எழுதப் பழகுங்கள்: எந்தத் திரையில், என்னென்ன படிகளைச் செய்தபோது, என்ன வர வேண்டியிருந்தது, என்ன வந்தது என்று, படிப்பவர் உங்களைத் திரும்பக் கேட்காமலேயே அந்தத் தவறைத் தன் கணினியில் உண்டாக்கிப் பார்க்கும் அளவுக்கு அது துல்லியமாக இருக்க வேண்டும். எஸ்.க்யூ.எல். அடிப்படை வேண்டும். நிரல் மொழி அதற்குப் பிறகுதான். அப்போது பைத்தான் எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் தேவைக்கு அதுவே எளிது.

விண்ணப்பிக்கும்போது வரிசையை மாற்றாதீர்கள். உங்கள் அலுவலகம் பயன்படுத்தும் மென்பொருளைத் தயாரிக்கும் நிறுவனத்தைத்தான் முதலில் அணுக வேண்டும். அதன் உதவி மையத்தை நீங்கள் எத்தனையோ முறை அழைத்துப் பேசியிருப்பீர்கள். அந்த மேசையில் உட்கார்ந்து பதில் சொல்லும் சப்போர்ட் வேலையும், புதிய வாடிக்கையாளர்களுக்கு மென்பொருளை நிறுவிப் பயிற்சி கொடுக்கும் இம்ப்ளிமெண்டேஷன் வேலையும் உங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்தும். தொடக்கச் சம்பளம் இப்போது வாங்குவதைவிடப் பெரிதாக உயராமல் இருக்கலாம். குடும்பத்தில் இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு கன்சல்டன்சியில் பணம் கட்டினால் மூன்று ஆண்டு அனுபவச் சான்றிதழ் தந்து வேலையும் வாங்கித் தருகிறார்களாம். என் நண்பன் சேர்ந்துவிட்டான். நானும் சேரலாமா? (தண்டையார்பேட்டை வாசகர்)

பதில்: வேண்டாம். பொய்ச் சான்றிதழ் கொடுப்பது குற்றம். நிறுவனங்கள் பின்னணிச் சோதனையில் பி.எஃப். கணக்கில் ஒவ்வொரு ஊழியருக்கும் உள்ள யூ.ஏ.என். எண்ணை வைத்து நீங்கள் எங்கே, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை வேலை பார்த்தீர்கள் என்று பார்த்துவிடுகின்றன. வேலையில் சேர்ந்து பல மாதங்கள் கழித்துக் கண்டுபிடித்தாலும் அன்றே வெளியேற்றுவார்கள். வேலை தருவதற்காக எந்த முறையான நிறுவனமும் விண்ணப்பதாரரிடம் முன்பணம் வாங்குவதில்லை. உங்கள் நண்பர் இணையம் வழியாகப் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: திருவொற்றியூரில் சி.சி.டி.வி. பொருத்தும் கடையில் வேலை செய்கிறேன். மின்னணுவியல் டிப்ளமோ முடித்தவன். புரோகிராமிங் எனக்கு வரவில்லை. ஐ.டி.யில் எனக்கு இடமுண்டா?

பதில்: உண்டு. கேமராவுக்குக் கேபிள் இழுத்து, ஐ.பி. முகவரி கொடுத்து, ரௌட்டரில் போர்ட் திறந்து, செல்பேசியில் படம் வரவைக்கிறீர்கள் அல்லவா? அது நெட்வொர்க்கிங்கின் வாசல்தான். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியின் ‘பாக்கெட் டிரேசர்’ மென்பொருளை இலவசமாகப் பெற்று, கணினியிலேயே ரௌட்டர்களையும் ஸ்விட்ச்களையும் இணைத்துப் பழகுங்கள். நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட்டிங் கணக்கைத் தாளில் போடும் அளவுக்குப் பயிற்சி வேண்டும். சிஸ்கோவின் சி.சி.என்.ஏ. சான்றிதழ்த் தேர்வுக் கட்டணம் பல ஆயிரம் ரூபாய் ஆகும் என்பதால், ஆய்வகப் பயிற்சிகளைப் புத்தகம் பார்க்காமல் செய்ய முடிந்த பிறகே அதைக் கட்டுங்கள்.

நேர்காணலில் கேட்கக்கூடிய ஒரு கேள்வி: ‘ஒருவருடைய கணினிக்கு இணையம் வரவில்லை, ஐ.பி. முகவரி 169.254 என்று தொடங்குகிறது. என்ன காரணம்?’ கணினிகளுக்கு ஐ.பி. முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. சர்வரிடமிருந்து முகவரி கிடைக்காததால் கணினி தானே ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறது என்று தொடங்கி, கேபிள், ஸ்விட்ச் போர்ட், வி-லான், டி.எச்.சி.பி. சர்வர் என்று எந்த வரிசையில் சோதிப்பீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் பார்ப்பது அந்த வரிசையைத்தான். இந்தப் பணிகளில் இரவு ஷிஃப்ட் தவிர்க்க முடியாதது. முதல் சில ஆண்டுகளுக்கு அதற்குத் தயாராக இருங்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு எல்லா வேலைகளையும் எடுத்துக்கொள்ளும் என்கிறார்கள். இனிமேல் இதைப் படிப்பது வீண்தானா? (பெரம்பூர் வாசகி)

பதில்: வீண் என்று நான் கருதவில்லை, ஆனால் நிலைமை மாறியிருப்பதை மறைக்கவும் மாட்டேன். டி.சி.எஸ். நிறுவனம் 2025 ஜூலையில் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தர, மேல்நிலைப் பணிகளில் இருந்தவர்களை அது பாதிக்கும் என்றார்கள். புதியவர்களுக்கு முன்பெல்லாம் கொடுக்கப்பட்ட எளிய நிரல் வேலைகளை இப்போது கருவிகளே செய்துவிடுகின்றன. ஆகவே, கருவி எழுதித் தருவதைச் சரிபார்க்கத் தெரிந்தவருக்குத்தான் இடம் இருக்கும். கற்கும் காலத்தில் ஒரு கட்டுப்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் நீங்களே எழுதுங்கள், தவறாக இருந்தாலும் பரவாயில்லை, பிறகு கருவியிடம் காட்டி, ஏன் தவறு என்று கேளுங்கள். ஒரு வரியை உங்களால் விளக்க முடியாவிட்டால் அதை உங்கள் புராஜெக்டில் வைக்காதீர்கள், நேர்காணலில் அந்த வரியைத்தான் கேட்பார்கள்.

கேள்வி: நான் தமிழ்வழியில் படித்தவள். எழுத்துத் தேர்வில் தேறிவிடுகிறேன்; நேர்காணலில் ஆங்கிலம் தடுமாறுகிறது. போதாக்குறைக்கு, ‘புளியந்தோப்பா?’ என்று ஒருவர் முகத்தைச் சுளித்தார். முகவரியை மாற்றிப் போடலாமா?

பதில்: சகோதரி, ஊர்ப் பெயரைக் கேட்டு முகம் சுளித்தவரின் செயல் அநாகரிகமானது. அதில் நீங்கள் கூச்சப்பட ஒன்றுமில்லை. பொய் முகவரி போட வேண்டாம். பின்னணிச் சோதனையில் வீட்டுக்கே ஆள் வரக்கூடும். ஆனால் ரெஸ்யூமேயில் முழு முகவரி எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. ‘சென்னை’ என்று மட்டும் எழுதினால் போதும், வேலை உறுதியான பிறகு படிவங்களில் முழு முகவரியைத் தரலாம். அப்பா பெயர், மதம், பிறந்த தேதி ஆகியவற்றையும் அதில் எழுதத் தேவையில்லை.

ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, மூன்று மாதத்தில் சரளம் என்று விற்கப்படும் வகுப்புகளில் எனக்கு நம்பிக்கையில்லை. நேர்காணலின் முதல் பத்து நிமிடங்களில் கேட்கப்படுபவை ஏறக்குறைய ஒன்றேதான்: உங்களைப் பற்றி, நீங்கள் செய்த புராஜெக்ட் பற்றி, அதில் வந்த ஒரு சிக்கலை எப்படித் தீர்த்தீர்கள் என்பது பற்றி. இந்த மூன்றுக்கும் பதிலை முதலில் தமிழில் தெளிவாக எழுதுங்கள். தமிழிலேயே குழப்பமாக இருந்தால் ஆங்கிலத்தில் அது தெளியாது. பிறகு சிறு சிறு ஆங்கில வாக்கியங்களாக மாற்றி, செல்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். வார்த்தை வார்த்தையாக மனப்பாடம் செய்யாதீர்கள். நடுவில் ஒரு குறுக்குக் கேள்வி வந்தால் எல்லாம் அறுந்துவிடும். கேள்வி புரியாதபோது மீண்டும் சொல்லச் சொல்லிக் கேட்பதும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று விளக்குவதும் உங்களுக்குக் குறைவாகாது.

கேள்வி: வண்ணாரப்பேட்டையிலிருந்து ஓ.எம்.ஆர். சென்று வர வேண்டிய வேலை கிடைத்திருக்கிறது. வீட்டில் இரவு நேரத்தை நினைத்துத் தயங்குகிறார்கள். என்ன கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

பதில்: அலுவலகம் தரமணிப் பக்கம் என்றால் கடற்கரை நிலையம் சென்று பறக்கும் ரயிலில் நேராகத் தரமணியில் இறங்கலாம், சோழிங்கநல்லூரோ சிறுசேரியோ என்றால் அதற்கு மேலும் பேருந்து உண்டு, நேரமும் வெகுவாகக் கூடும். ஆகவே எந்த வளாகம் என்பதை முதலில் கேளுங்கள். ஷிஃப்ட் எத்தனை மணிக்கு முடியும், மாதந்தோறும் மாறுமா, இரவில் வீட்டு வாசல்வரை வண்டி வருமா, வண்ணாரப்பேட்டை அவர்களுடைய வண்டி எல்லைக்குள் வருகிறதா, வண்டிக்குச் சம்பளத்தில் பிடித்தம் உண்டா, வாரத்தில் எத்தனை நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்பவற்றை எச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் சொல்வதை நம்பி விட்டுவிடாமல், பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்கி, வேலையில் சேரும் முன் அதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.